குழந்தைக்கு எம்ப்ராய்டரி போடுகிறவர்கள் முதலில் நூலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்த குழந்தைக்குக் கையால் எம்ப்ராய்டரி போட்டுப் பரிசு கொடுப்பது பற்றி உங்கள் மகளிர் இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன, யானைக்குட்டி டிசைனை நானே வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் நூலைப் பற்றி "பிடித்த வண்ணங்களில் நூல்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. குழந்தைக்கான துணியில் முதலில் முடிவு செய்ய வேண்டியது நூல்தான், டிசைன் அதற்கு அப்புறம். பல வருடங்களாக உறவிலும் அக்கம்பக்கத்திலும் பிறக்கும் குழந்தைகளுக்குப் போர்வை, தொப்பி, சட்டை என்று தைத்துக் கொடுத்து வருகிறேன், தெருவில் சில பெண்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு தலையணை உறையிலோ மேசை விரிப்பிலோ போடும் பூவுக்கு வரும் சோதனை வேறு, குழந்தையின் போர்வையில் போடும் பூவுக்கு வரும் சோதனை வேறு. குழந்தை மூன்று நான்கு மாதத்தில் கைக்கு எட்டிய எல்லாவற்றையும் வாயில் வைக்க ஆரம்பிக்கும், போர்வையின் மூலையில் நாம் கஷ்டப்பட்டுப் போட்ட அந்தப் பூவைத்தான் முதலில் சப்பும். எச்சில், கக்கிய பால், வியர்வை, தேங்காய் எண்ணெய், மஞ்சள், சாம்பிராணிப் புகை எல்லாம் அதன்மேல் படும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது துவைப்பார்கள், அதுவும் சுடுதண்ணீரில். இத்தனையும் தாண்டிய பிறகு அந்தத் துணி பீரோவுக்குள் போகும், இருபது இருபத்தைந்து வருடம் மடித்த மடிப்பில் இருக்கும். ஞாபகப் பரிசு என்றால் இந்த இரண்டையும் தாங்க வேண்டும். "பயன்படுத்தாதே, அப்படியே எடுத்து வை" என்று சொல்லிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழந்தை மேல் படாத துணியில் அந்தக் குழந்தையின் ஞாபகம் என்ன இருக்கப் போகிறது?

சரி, எந்த நூல் என்றால், ஆறு இழை சேர்ந்து வரும் மெர்சரைஸ் செய்த பருத்தி நூல். நம் ஊர்க் கடைகளில் "ஆங்கர் நூல்" என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். அதை இங்கே தயாரித்து விற்பது மதுரா கோட்ஸ். எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்னும் ஹார்வி மில் என்றே சொல்லும் மில்லின் வழியில் வந்த நிறுவனம் அது. இன்னொன்று டிஎம்சி, 1746-இல், இன்று பிரான்ஸ் நாட்டில் இருக்கும் முலூஸ் நகரில் தொடங்கிய நிறுவனம், இப்போது பெரிய ஊர்களிலும் ஆன்லைனிலும் எளிதாகவே கிடைக்கிறது. இரண்டிலும் ஒரு கண்டு 8 மீட்டர், இரண்டிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. இவற்றைத் தவிர வேறு நூலே கூடாது என்று சொல்லவில்லை. பெயரும் எண்ணும் போட்ட, பருத்தி என்று லேபிளில் தெளிவாக எழுதிய நூலாக இருந்தால் போதும்.

மெர்சரைஸ் என்பது வெறும் பளபளப்புக்காகச் சேர்க்கும் வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் மெர்சர் என்பவர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் முக்கினால் இழை உப்பி உருண்டையாகிறது, பலமும் கூடுகிறது, சாயத்தையும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து 1850-இல் காப்புரிமை வாங்கினார். அப்போது அதில் பளபளப்பு வரவில்லை. 1890 வாக்கில் ஹோரஸ் லோ என்பவர் நூலை இழுத்துப் பிடித்தபடியே அந்த வேலையைச் செய்தபோதுதான் பட்டு மாதிரி மினுமினுப்பும் வந்தது. குழந்தைத் துணிக்கு நமக்கு வேண்டியது முதலில் அந்தப் பலமும் சாயப் பிடிப்பும்தான். மினுமினுப்பு கூடவே வருகிறது, நல்லது.

இப்போது என்னை மிகவும் கவலைப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கடைகளில் "சில்க் நூல்" என்று சுருள் சுருளாக, கண்ணைப் பறிக்கும் நிறங்களில், மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. வளையலில் சுற்றவும் ஜிமிக்கி செய்யவும் ஆரி வேலைக்கும் பெண்கள் வாங்குகிறார்கள், அந்த வேலைகளுக்கு அது அருமையான நூல், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலைக்குப் பட்டு கிடைக்காது, அது பெரும்பாலும் ரேயான். ரேயான் நனைந்தால் பலம் குறைந்துவிடும், பருத்தியோ நனைந்தால் பலம் கூடும். தினமும் நனைவதற்கென்றே இருக்கும் ஒரு துணியில் எதைப் போடுவது என்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். அதோடு ரேயான் வழுக்கும், தையல் தளரும், தளர்ந்த வளையத்தில் குழந்தையின் விரல் நகம் மாட்டும். எங்கள் உறவில் ஒரு சீமந்தத்துக்கு வந்த பரிசில் இதை நேரிலேயே பார்த்தேன். மல் துணியில் அரக்குச் சிவப்பு நூலால் பெயர் எழுதிய தொப்பி, எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. முதல் துவைப்பிலேயே சிவப்பு இறங்கித் தொப்பி முழுக்க ரோஸ் கலராகிவிட்டது, மூன்றாவது துவைப்பில் எழுத்தின் இழைகள் பிரிந்து நின்றன. தைத்தவள் இருபது வயதுப் பெண், கைவேலையில் ஒரு குறையும் கிடையாது. கடையில் "சாயம் போகாது" என்று சொல்லிக் கொடுத்ததை நம்பியிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

லேபிள் இல்லாத நூல் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது, அது என்ன நூல் என்று தெரிய வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஒரு சின்னத் துண்டை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். உண்மையான பட்டு முடி கருகிய நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் நசுங்கும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். ரேயானும் காகிதம் மாதிரிதான் எரியும் என்பதால் இந்த இரண்டையும் தீயை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு இன்னொரு சோதனை: ஒரு இழையைக் காய்ந்தபடி இழுத்து அறுத்துப் பாருங்கள், அப்புறம் நன்றாக நனைத்து இழுத்துப் பாருங்கள். நனைந்ததும் லேசாக இழுத்தாலே அறுந்தால் ரேயான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜரிகை நூலும் மெட்டாலிக் நூலும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அவை தோலைக் கீறும், மேலே சுற்றிய தகடு உரிந்தால் நுனி ஊசி மாதிரி நிற்கும். கம்பளி நூல் மலைப் பக்கத்துக் குளிருக்குச் சரி, நம் வெயிலில் உறுத்தும், பூச்சியும் அரிக்கும். உண்மையான பட்டு நூலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அழகு என்று பார்த்தால் அதை எதுவும் மிஞ்ச முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது புரத இழை, காரமான சோப்புத்தூளும் பிளீச்சும் பட்டால் வீணாகிவிடும், ஒரு தாய்க்கு ராத்திரி ரெண்டு மணிக்குத் துணி மாற்றும்போது இதைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற நினைப்பெல்லாம் வருமா? கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டப் போகும் பெயர்ப் பலகைக்குப் பட்டு போடுங்கள். உடம்பில் படும் துணிக்குப் பருத்திதான், பருத்தித் துணியில் பருத்தி நூல் போட்டால் இரண்டும் ஒரே சூட்டில் துவைக்கலாம், ஒரே சூட்டில் இஸ்திரி போடலாம்.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அசோ சாயங்கள் என்ற செயற்கைச் சாய வகையில் உடம்புக்குக் கேடான பலவற்றை இந்தியா 1997-லேயே தடை செய்துவிட்டது. ஆனால் லேபிளே இல்லாமல் வரும் நூலில் என்ன சாயம் இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்று ஒரு சான்று இருக்கிறது, 1992-இல் தொடங்கியது. அதில் ஒன்றாம் வகுப்பு என்பது மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் பொருள்களுக்கானது, எச்சிலும் வியர்வையும் பட்டால் சாயம் இறங்குகிறதா என்றுகூட அதில் பார்ப்பார்கள். டிஎம்சி பருத்தி நூலுக்கு ஓகோ-டெக்ஸ் சான்று உண்டு. வேறு எந்த நூல் வாங்கினாலும் லேபிளிலோ பெட்டியிலோ அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள், கடைக்காரரிடமும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் அவரும் அடுத்த தடவை அதைப் பார்த்து வாங்கி வைப்பார்.

சான்று இருந்தாலும் வீட்டில் சோதித்துவிட்டுத் தைப்பதுதான் என் வழக்கம், முக்கியமாகச் சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்களை. ஒரு முழ நூலை வெட்டி, சுடுதண்ணீரில் சோப்புத்தூள் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அந்த ஈரத்தோடு வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்து மடித்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். பிரித்துப் பார்க்கும்போது கைக்குட்டையில் நிறம் இருந்தால் அந்த நூல் குழந்தைத் துணிக்கு வேண்டாம். வேறு வேலைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது உப்பு. புதுத் துணியைக் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். சாயம் ஏற்றும்போது தொட்டியில் உப்பு சேர்ப்பது உண்மைதான், அது சாயத்தைத் தண்ணீரிலிருந்து இழைக்குள் போகத் தூண்டும். ஏற்கனவே சாயம் ஏற்றி முடித்த நூலில் ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. வினிகரும் அப்படித்தான். மிச்சச் சாயத்துக்கு ஒரே வழி அதை வெளியேற்றுவது. தைத்து முடித்த துணியில் எதிர்பாராமல் சிவப்பு இறங்கிவிட்டால் பயந்துபோய்ப் பிழிந்து வெயிலில் போடாதீர்கள், காய்ந்தால் கறை நிலைத்துவிடும், இஸ்திரி போட்டால் அதைவிட மோசம். ஈரம் காயாமல் ஓடும் பச்சைத் தண்ணீரில் நிறம் வருவது நிற்கும் வரை அலசுங்கள், அப்புறம் ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீரில் கொஞ்சம் திரவ சோப்பு விட்டுப் போட்டு வையுங்கள், தண்ணீர் நிறம் மாறினால் மாற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால்தான் இறங்கிய சாயம் திரும்பவும் துணியில் ஏறாது. பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

மஞ்சள் கறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் பட்ட இடத்தில் சோப்பு படும்போது அது செக்கச் செவேலென்று மாறும், தைத்த நூலின் சாயம்தான் போகிறது என்று பலர் பதறுகிறார்கள். மஞ்சளின் இயல்பு அது, காரம் பட்டால் சிவக்கும், அலசினால் திரும்ப மஞ்சளாகும், வெயிலில் காயவைக்கக் காயவைக்க மங்கிப் போய்விடும். அதே வெயில் நூலின் நிறத்தையும் மெல்ல மெல்லக் குறைக்கும் என்பதால் எம்ப்ராய்டரி உள்பக்கம் இருக்கும்படி திருப்பிக் காயப்போடச் சொல்லுங்கள். சொட்டு நீலமும் வேண்டாம், வெள்ளை நூலும் வெளிர் நிற நூலும் நீலம் பாரித்துவிடும்.

எந்த நிறம் என்பது அவரவர் விருப்பம். ஆண் குழந்தைக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ் என்று நாமும் ஏன் கட்டிப்போட வேண்டும் என்று மட்டும் கேட்பேன். பிறந்து சில வாரங்கள் வரை குழந்தைக்கு வெளிர் நிறங்கள் சரியாகவே தெரியாது, கறுப்பு வெள்ளை மாதிரி அழுத்தமான வித்தியாசம்தான் தெரியும். பத்திரமான தேர்வு வேண்டும் என்றால் வெள்ளைத் துணியில் சந்தன நிறமும் இலைப் பச்சையும், கொஞ்சம் கடுகு மஞ்சளும். மஞ்சள் கறை பட்டாலும் கடுகு மஞ்சள் பூ அப்படியே இருக்கும். பளிச்சென்ற வெள்ளையை விட லேசான பழுப்பு கலந்த வெள்ளை நூல் ஞாபகப் பொருளுக்கு நல்லது, வருடங்கள் போனால் துணி கொஞ்சம் பழுக்கும், இந்த நூல் அதோடு சேர்ந்தே போகும், தனியாகத் துருத்தாது.

வாங்கும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கரில் கறுப்பு 403, அதுவே டிஎம்சியில் 310. இணையத்தில் இந்த எண்ணுக்கு அந்த எண் என்று பட்டியல்கள் இருக்கின்றன, ஆனால் கறுப்பைத் தவிர மற்றவை பெரும்பாலும் கிட்டத்தட்டத்தான் பொருந்தும், பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பாதி இதழ் ஒரு நிறுவனத்து நூலிலும் மீதி வேறு நிறுவனத்து நூலிலும் போட வேண்டாம். ஒரே எண்ணிலேயே சாயம் போட்ட தடவைக்குத் தடவை நுணுக்கமான மாற்றம் வரும் என்பதால் ஒரு வேலைக்குத் தேவையானதை ஒரே நாளில் வாங்கிவிடுவது நல்லது.

இழை கணக்குக்கு வருகிறேன். ஆறு இழையையும் சேர்த்துத் தைத்தால் சீக்கிரம் முடியும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும், ஆனால் மல் துணியில் அது மொத்தமாக உட்கார்ந்து துணியை இழுக்கும், துவைத்ததும் சுருங்கும். மல், கேம்பிரிக் மாதிரி மெல்லிய துணிக்கு இரண்டு இழை, கொஞ்சம் தடித்த பாப்ளினுக்கு மூன்று. சின்ன எழுத்தில் பிறந்த தேதியும் நட்சத்திரமும் போட ஒரே இழை. நூலை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஒன்றரை அடிக்குள் வெட்டி, இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, திரும்பச் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு இழையாகச் சேர்ந்தே பிரித்து எடுத்தால் முறுக்கு அப்படியே இருக்கும், தையல் தட்டையாகப் படியாது. நீளமாகக் கோத்தால் துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் பஞ்சு எடுத்துவிடும், கடைசியில் போடும் தையல் முதலில் போட்டதை விட மங்கலாகத் தெரியும். பிரிக்க வராத பேர்ல் காட்டன் நூலும் உண்டு. 5, 8, 12 என்று வரும், எண் கூடினால் நூல் மெலிதாகும். தடித்த போர்வையின் ஓரத்துக்கு 8 நன்றாக இருக்கும். தைக்கும் முன் துணியை ஒரு தடவை சுடுதண்ணீரில் துவைத்துக் காயவைத்துவிடுங்கள், துணி பிறகு சுருங்கினால் எந்த நூலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்துச் சொல்வதைத் தயவுசெய்து யாரும் வேகமாகத் தாண்டிப் போக வேண்டாம். எம்ப்ராய்டரியின் பின்பக்கம்தான் குழந்தையின் தோலில் படுகிறது. முடிச்சு போட்டால் அது கடுகளவு இருந்தாலும் உறுத்தும், வெயில் காலத்தில் அங்கே தோல் சிவந்துவிடும். முடிச்சுப் போடாமல் நூல் நுனியைத் தையல்களுக்கு அடியில் நாலைந்து தடவை நுழைத்து முடியுங்கள். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் பின்னால் நூலை நீளமாக இழுத்துக்கொண்டு போகாதீர்கள், அரை அங்குலத்துக்கு மேல் போக வேண்டியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். இதில் சோம்பல் பார்க்கக் கூடாது, காரணம் இருக்கிறது. தளர்ந்த நூலோ தலைமுடியோ குழந்தையின் கால்விரலிலோ கைவிரலிலோ சுற்றிக்கொண்டு இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும், கவனிக்காமல் விட்டால் விரலுக்கே ஆபத்து. மருத்துவர்கள் இதை ஹேர் டூர்னிகெட் என்கிறார்கள். காரணம் தெரியாமல் விடாமல் அழும் குழந்தையைக் கொண்டுவந்தால் விரல்களைப் பிரித்துப் பார்ப்பது அதனால்தான். ஆகவே கையுறை, காலுறை இரண்டிலும் எம்ப்ராய்டரி போடவே வேண்டாம் என்பது என் கருத்து. கடையில் வாங்கியதையே உள்பக்கம் திருப்பி, தொங்கும் நூலை வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். தொப்பிக்கும் சட்டைக்கும் எம்ப்ராய்டரி இருக்கும் இடத்துக்குப் பின்னால் மல் துணியில் ஒரு உள் ஒட்டுப் போட்டு ஓரம் தைத்துவிடுங்கள், பின்பக்கம் மறைந்துவிடும்.

தையலிலும் நூலுக்கு ஏற்றதைப் பார்க்க வேண்டும். காம்புத் தையல், சங்கிலித் தையல், பின் தையல் மூன்றும் துணியோடு ஒட்டி நிற்கும், விரல் மாட்டாது. நீளமான சாட்டின் தையலும் பெரிய லேசி டெய்சி இதழும் மாட்டும், போட்டே ஆக வேண்டும் என்றால் இதழைச் சின்னதாக்குங்கள். மணி, சமிக்கி, பொத்தான் கண் எதுவும் வேண்டாம். யானையின் கண்ணுக்கு நூலாலேயே பிரெஞ்சு நாட் என்ற சின்ன முடிச்சுத் தையல் ஒன்று போதும், இரண்டு சுற்று, இறுக்கமாக.

டிசைனைப் பதிக்க ஆரி வேலையில் செய்கிற மாதிரி மண்ணெண்ணெயில் பொடி குழைத்துத் தேய்ப்பதைக் குழந்தைத் துணியில் செய்யாதீர்கள். சன்னமான பென்சில் கோடு போதும், கோட்டை மறைக்கும்படி தைத்துவிடலாம், துவைத்தால் மிச்சமும் பெரும்பாலும் மங்கிவிடும். தைத்து முடித்ததும் துவைத்து, தடித்த துண்டின் மேல் எம்ப்ராய்டரி கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து இஸ்திரி போடுங்கள், தையல் நசுங்காது.

பத்திரப்படுத்துவதில் ஒன்றை மட்டும் பெரிதாக அச்சிட்டாலும் தகும்: குழந்தைத் துணிக்கு நடுவே நாப்தலின் உருண்டை போடாதீர்கள். பாச்சை உருண்டை என்று நாம் பீரோ முழுக்கப் போடுகிறோமே, அதுதான். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடை ஏறிய துணியைப் போட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக வரலாம். குறைபாடு இருக்கிறதா என்று பிறந்தவுடனே எல்லோருக்கும் தெரிந்திருக்காது. அக்கா குழந்தையின் சட்டையை, பாட்டி எடுத்து வைத்த போர்வையை, அடுத்த குழந்தைக்கு எடுத்துப் போடுவது நம் வீடுகளில் வழக்கம் என்பதால் சொல்கிறேன். காய்ந்த வேப்பிலையும் வசம்பும் ஒரு சின்னத் துணி முடிப்பில் கட்டித் தள்ளி வைத்தால் போதும். கஞ்சி போடாமல், எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினால் ஈரம் உள்ளேயே நின்று கறுப்புப் புள்ளி விழும். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறி, வேறு மடிப்பில் மடித்தால் மடிப்புக் கோட்டில் நூல் இற்றுப்போகாது.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நிறம் வாரியாக அடுக்குவதற்காகக் கண்டில் இருக்கும் காகித லேபிளை உருவிப் போட்டுவிட்டு நூலை மட்டும் டப்பாவில் போட்டு விற்கும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. பெயரும் எண்ணும் அதோடு போய்விடுகிறது, பாதி வேலையில் நூல் தீர்ந்தால் அதே நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது, பருத்தியா ரேயானா என்பதும் தெரியாது. லேபிளோடு விற்றால் எங்களுக்குப் பெரிய உதவி. குழந்தைத் துணிக்கு என்று சொல்லிக் கேட்கிறவர்களுக்கு, லாபம் ஒரு ரூபாய் குறைந்தாலும், பருத்தி நூலையே எடுத்துக் கொடுங்கள்.

தைக்கிறவர்களுக்கு இன்னொன்று. பரிசைக் கொடுக்கும்போது ஒரு சின்ன உறையில் மிச்ச நூலில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் சுற்றி வைத்து, நூலின் பெயர், எண், எத்தனை இழை, எப்படித் துவைப்பது என்று நாலு வரி எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் கொடுக்கிறேன். ஒரு இதழ் பிரிந்துபோனால் அந்தத் தாயே உட்கார்ந்து சரி செய்துகொள்ளலாம்.

ஆசிரியர் அவர்களே, இனி எம்ப்ராய்டரி டிசைன் வெளியிடும்போது பக்கத்திலேயே எந்த வகை நூல், என்ன எண், எத்தனை இழை என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு என்று அளவு போட்டுத்தானே வெளியிடுகிறீர்கள். இந்த யானைக்குட்டிக்கு நான் இரண்டு இழையில் சாம்பல் நிறமும், காதுக்குள் ஒரே இழையில் வெளிர் ரோஸும் எடுத்திருக்கிறேன், வெளிக்கோடு முழுக்கக் காம்புத் தையல்.

இப்படிக்கு,
வாசகி,
மதுரை.